மனந்திரும்புதல் என்னும் சொல்

பாலக்காட்டு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொல்லங்கோடு என்னும் ஊர் அமைந்துள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரையில் அவ்வூர் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அன்று தொட்டுக் கேரளத்தில் உள்ளது. கிழக்கே கோவிந்தாபுரம் வழியாகச் சென்றால் சிறிது தொலைவிலேயே தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். 1932-இல் திறக்கப்பெற்ற பொள்ளாச்சி-பாலக்காடு இரயில் பாதையும் இவ்வூர் வழியாகவே செல்கின்றது. ஆகவே இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிப்பதில் வியப்பில்லை. ஒரே சொல்லை இருவர் இரு பொருளில் வழங்குவதும், இரு சொற்களால் ஒரே பொருளை உணர்த்துவதும் இங்கு அன்றாட வழக்கம்.

மொழிகள் இவ்வாறு கலந்து வாழும் எல்லைப்புறங்களில் சமயச் சொற்களை உற்று நோக்குதல் பெரும்பயன் தருவதாகும். பழகிய மொழியில் நாம் நாள்தோறும் ஓதும் சொல்லின் பொருள் தேய்ந்து போகின்றது. அடுத்த மொழியான் அதே பொருளை வேறு சொல்லால் கூறக் கேட்கும்போது, நம் சொல்லின் பொருளும் புதுப்பிக்கப்படுகின்றது. வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் இதனை நன்கு அறிவர். ஆதலின் கிறிஸ்தவ சமயத்தின் இரு பெருங்கருத்துகளை, அதாவது கடவுளின் மாறாத அன்பையும், பாவத்தை விட்டுத் திரும்புமாறு மனிதனுக்கு விடுக்கப்படும் அழைப்பையும், அவற்றைத் தாங்கி நிற்கும் சொற்களின் வாயிலாகவே இங்கு ஆராய்வோம்.

முதலில் இம்மக்களின் சபைகளைப் பற்றிச் சில சொற்கள். பாலக்காட்டு மாவட்டத்தில் சிரியன் மரபைச் சேர்ந்த மலையாளக் கத்தோலிக்கருக்குரிய பாலக்காடு மறைமாவட்டம் 1974-இல் நிறுவப்பெற்றது. இலத்தீன் மரபினருக்கென 2013-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பெற்றது. இதன் மக்களுள் தமிழ் பேசுவோர் பலர். தெற்கே இடுக்கி மலைகளில் தேயிலைத் தோட்டங்களை நம்பிச் சென்ற தமிழர், மூணாற்றில் 1910-11 ஆண்டுகளில் கட்டப்பெற்ற கிறிஸ்து ஆலயம் முதலிய இடங்களில் தம் மொழியிலேயே வழிபட்டு வருகின்றனர். மாநில எல்லை மாறியபோதிலும் அவர்களுடைய வேதப்புத்தகத்தின் மொழி மாறவில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'பாவம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இச்சொல் தீவினையைக் குறிக்கும். அதனோடு, துன்புற்றவனைக் கண்டவிடத்து, 'ஐயோ, பாவம்!' என்று இரங்கிக் கூறவும் அதே சொல்லையே வழங்குகின்றோம். மலையாளத்திலோ இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். தீவினைக்குப் 'பாபம்' என்பர். எளியவனை, சூதறியாதவனைப் 'பாவம்' என்பர். கொல்லங்கோட்டு வட்டாரத்தில் இவ்விரு ஒலிகளும் ஒரே தெருவில் கேட்கும். தமிழ்ச் சொல் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருப்பது தற்செயலே எனினும், கிறிஸ்தவப் போதனைக்கு அது பொருந்தி நிற்கின்றது. பாவம் செய்தவன் கண்டிக்கத்தக்கவன். அவனே இரக்கத்திற்கும் உரியவன். இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பற்றிக்கொண்டால் போதனை கோணிவிடும். கண்டிப்பு மட்டுமே எஞ்சினால் அது கொடுமையாகும். இரக்கம் மட்டுமே எஞ்சினால் தீமைக்குத் துணை போவதாகும்.

வேதத்தின் மூலமொழிகளில் பாவத்தைக் குறிக்கும் சொற்கள் வில்லாளனிடமிருந்தும் வழிநடப்பவனிடமிருந்தும் பிறந்தவை. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லும், புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும், குறி தவறுதல், வழி தப்புதல் என்னும் பொருளை அடியாகக் கொண்டவை. வழி தப்பியவனுக்குத் திரும்பும் வழி ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் கருத்து அச்சொற்களிலேயே அடங்கியிருக்கின்றது.

அவன் திரும்பி வருவது யாரிடம்? இவ்வினாவுக்கு விடையாக நிற்பது 'ஹெசெத்' என்னும் எபிரேயச் சொல். மொழிபெயர்ப்பாளரைத் திணறச் செய்த சொற்களுள் இதுவும் ஒன்று. அன்பு என்றாலும் பொருந்தும். இரக்கம் என்றாலும் பொருந்தும். ஆயினும் இரண்டும் போதா. கொடுத்த வாக்கை, செய்த உடன்படிக்கையை, எதிரி மீறியவிடத்தும் தான் மீறாமல் காக்கும் அன்பே ஹெசெத். உணர்ச்சியும் உறுதியும் அதில் ஒன்றாய் உள்ளன. 1871-ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதலில், போவர் ஐயர் குழுவினர் இதனைப் பல இடங்களிலும் 'கிருபை' என்று பெயர்த்தனர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'பேரன்பு' என்னும் தூய தமிழ்ச் சொல்லைப் பெரும்பாலும் ஆள்கின்றது. மலையாள வேதங்களில் 'தய' என்றும், 'காருண்யம்' என்றும் காண்கிறோம். கிருபை என்னும்போது உயர்ந்தோன் தாழ்ந்தோனுக்கு இரங்குதல் தோன்றுகின்றது; பேரன்பு என்னும்போது அன்பின் அளவு தோன்றுகின்றது. அவ்வன்பின் நாணயம், அதாவது சொன்ன சொல் தவறாமை, இவற்றுள் எதிலும் முழுவதும் தோன்றவில்லை. அதனாலேயே 'மாறாத' என்னும் அடைமொழியைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதாகின்றது.

அடைமொழியினும் ஒரு வரலாறு இதனை நன்கு விளக்கும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வட இஸ்ரவேல் நாட்டில் வாழ்ந்த ஓசியா என்னும் தீர்க்கதரிசியின் வரலாறு அது. அவர் கோமேர் என்பாளை மணந்தார். அவள் அவருக்கு உண்மையாய் நடந்துகொள்ளவில்லை. பிறந்த குழந்தைகளுள் ஒன்றுக்கு 'இரக்கம் பெறாதவள்' என்றும், மற்றொன்றுக்கு 'என் மக்கள் அல்லர்' என்றும் பொருள்படும் பெயர்கள் இடப்பட்டன. பொய்த் தெய்வங்களை நாடியும், ஏழைகளை வஞ்சித்தும் வாழ்ந்த அந்நாட்டு மக்களுக்கு அவ்வீடே ஒரு கண்ணாடியாயிற்று. எனினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. பிறர் வசப்பட்டுப்போன அவளைப் பதினைந்து வெள்ளிக்காசும், ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவர் மீட்டுக்கொண்டார். தம் சொந்த மனைவியை விலைகொடுத்து வாங்க வேண்டிய நிலை! அக்குழந்தைகளின் பெயர்களும் பின்னர் மாற்றிச் சொல்லப்பட்டன: இரக்கம் பெற்றவள், என் மக்கள் என.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. ஓசியா தவற்றைத் தவறன்று என்று கூறவில்லை. குழந்தைகளின் பெயர்களே அதனை ஊரறியக் கூறிக்கொண்டிருந்தன. தவற்றை மறைப்பதும் அன்பன்று. தவறு செய்தவரைக் கைவிடுவதும் அன்பன்று. இழப்பைத் தானே தாங்கிக்கொண்டு, உறவை மீண்டும் நிறுத்த முயல்வதே ஹெசெத் என்பதன் செயல்முறை விளக்கம். கிறிஸ்தவர்கள் சிலுவையை நோக்கும்போது இவ்வரலாற்றின் நிறைவையே அங்குக் காண்கின்றனர்.

இப்பொழுது, திரும்புதலைக் குறிக்கும் சொல்லைக் காண்போம். தீர்க்கதரிசிகள் ஆண்ட எபிரேயச் சொல் 'ஷூப்' என்பது. நடந்த வழியே திரும்பி வருதல் என்பது அதன் நேர்ப்பொருள். அது காலின் தொழில். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெத்தனோயா'. சிந்தை மாறுதல் என்பது அதன் பொருள். அது உள்ளத்தின் தொழில். இச்சொல்லுக்கு நேராக இலத்தீன் வேதத்தில் வழங்கிய தொடரைத் தவமுயற்சி செய்தல் என்றும் பொருள்கொள்ள இடமிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்க மூலத்தைக் கற்ற அறிஞர்கள் இதனை மறுபடியும் ஆராய்ந்தனர். 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாய் இருத்தல் வேண்டும் என்பதேயாகும். ஒரு நாளில் செய்து முடிக்கும் சடங்காக அதனைக் கருதலாகாது என்பது அவர் கருத்து.

தமிழ் வேதத்தின் வரலாறு நீண்டது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-க்குள் அச்சேற்றி முடித்தார். அவருக்குப்பின் சூல்ட்சே, பப்பிரிசியு, இரேனியு முதலியோர் உழைத்தனர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த திருப்புதலுக்கு ஆறுமுக நாவலர் துணைபுரிந்தது தமிழுலகம் அறிந்த செய்தி. சைவத்தில் ஊன்றி நின்ற பேரறிஞர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தின் தமிழைச் செப்பனிட உதவினார் என்பது நினைந்து மகிழத்தக்கது. இத்தகைய பலருடைய உழைப்பின் பின்னர் 1871-இன் ஐக்கியத் திருப்புதலில் நிலைபெற்று நிற்கும் சொல் 'மனந்திரும்புதல்' என்பது. இத்தொகைச்சொல்லின் சிறப்பை நோக்குக. கிரேக்கம் தந்தது மனம். எபிரேயம் தந்தது திரும்புதல். இரு மூலமொழிகளும் பிரித்துக் கூறியதைத் தமிழ் ஒரே சொல்லில் இணைத்துக் கூறுகின்றது. மனம் மட்டும் மாறிக் கால் பழைய வழியே செல்லுமாயின் அது மனந்திரும்புதல் ஆகாது. கால் மட்டும் திரும்பி மனம் பழைய இடத்திலேயே நிற்குமாயின் அதுவும் ஆகாது.

கத்தோலிக்கத் தமிழர் முன்னாளில் 'மனஸ்தாபம்' என்றனர். 'உத்தம மனஸ்தாப' மந்திரம் பல குடும்பங்களில் குழந்தைகளும் மனப்பாடமாய் ஓதியது. இந்நாளில் பொதுவழக்கில் மனஸ்தாபம் என்றால் இருவருக்கிடையே நேர்ந்த மனக்கசப்பே நினைவுக்கு வருகின்றது. பழைய பொருள் உள்ளத்தின் வெதும்பல். அதனை 'உத்தம' என்று சிறப்பித்ததற்குக் காரணம் உண்டு. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது தாழ்ந்த வகை. தன்னை நேசித்தவரை நோகச் செய்தோமே என்று அன்பினால் வருந்துவது உயர்ந்த வகை. அச்சத்தினின்று அன்புக்கு ஏறும் படியை அந்த ஒரு சொல் காட்டிற்று. மலையாளத்தில் 'அனுதாபம்' என்பது பெரும்பாலும் தன் தவற்றுக்காக வருந்துதலைக் குறிக்கும். தமிழில் அதே சொல் பிறர் துன்பத்திற்கு இரங்குதலைக் குறிக்கும். எல்லைப்புறத்தில் இவ்வேறுபாடு சில வேளைகளில் நகைப்புக்கு இடமாகும். ஆயினும், தன் குற்றத்திற்கு வருந்தும் நெஞ்சே பிறர் துன்பத்திற்கும் இளகும் என்று எண்ணினால், இரு பொருளும் நெடுந்தூரத்தில் இல்லை என்பது விளங்கும்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. முந்தியது எது? மனிதன் திரும்பியபின் கடவுள் அன்பு கூர்கின்றாரா, அல்லது அவர் அன்பு முந்திநிற்பதால் மனிதன் திரும்புகின்றானா? சுவிசேஷக் கதைகள் ஐயத்திற்கு இடமின்றி விடை கூறுகின்றன. லூக்கா எழுதிய நூலின் பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் இளைய குமாரன், தந்தை உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிரித்து வாங்கித் தூரதேசம் சென்று அழித்தான். பஞ்சத்தில் பன்றி மேய்த்தான். பசி வந்த பின்னரே வீடு நினைவுக்கு வந்தது. ஆகவே அவன் மனந்திரும்பியதன் தொடக்கம் அத்துணைத் தூயதன்று. வீட்டில் தன்னைக் கூலியாளாகவேனும் வைத்துக்கொள்ளுமாறு கேட்க ஒரு விண்ணப்பத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். தொலைவில் வரும்போதே தந்தை கண்டுகொண்டார் என்கிறது கதை. அவர் வழிமேல் விழிவைத்திருந்தார் என்பது அதனால் பெறப்படும். வயது முதிர்ந்த குடும்பத்தலைவர் தெருவில் ஓடுவது நம் நாட்டிலும் வழக்கமன்று, அவர் ஓடினார். மகன் தன் குற்றத்தைச் சொன்னான். கூலியாள் என்னும் பகுதியை அவன் சொல்லி முடித்ததாகக் கதையில் இல்லை. அதற்குள் புத்தாடையும் மோதிரமும் கொண்டுவரக் கட்டளை பிறந்துவிட்டது.

சகேயு என்னும் வரி வசூலிப்போன் வரலாறும் இம்முறையிலேயே அமைந்தது. எரிகோவில் மரத்தின்மேல் ஏறி நின்ற அவனை, ஊரார் வெறுத்த அவனை, இயேசு பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்க வந்தார். அதன் பின்னரே, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமேனும் அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் அவன் கூறினான். அன்பு முந்திற்று, கணக்குத் தீர்த்தல் பின்தொடர்ந்தது. ஆயினும் கணக்குத் தீர்த்தல் இல்லாமற் போகவில்லை என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். கடவுளின் அன்பு மாறாதது என்றால் எப்படியும் வாழலாமே என்று வாதிடுவோருக்குச் சகேயுவின் பணப்பையே விடை. பெற்ற அன்பு மெய்யாயின், பறித்த பணம் கையில் தங்காது.

வருந்துதலும் மனந்திரும்புதலும் ஒன்றல்ல என்பதற்கு இரு சீடரின் வரலாறு சான்று. யூதாஸ் காட்டிக்கொடுத்தான், பேதுரு மும்முறை மறுதலித்தான். இருவரும் வருந்தினர். யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். ஆயினும் அவன் வருத்தம் அவனைத் தனிமைக்கும் சாவுக்கும் இழுத்துச் சென்றது. பேதுரு மனங்கசந்து அழுதான். ஆனால் உடன்பிறப்பு அனைய தோழரை விட்டு நீங்கவில்லை. பின்னர் ஏரிக்கரையில், மறுதலித்த எண்ணிக்கைக்கு ஒப்ப மும்முறை, தன்னிடம் அன்புண்டா என்னும் வினாவைக் கேட்டு, மந்தையை மேய்க்கும் பணியைப் பெற்றான். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வருத்தம் நஞ்சாகும்; அன்பு செய்பவரை நோக்கித் திரும்பும் வருத்தம் மருந்தாகும். குற்றவுணர்வால் நைந்து, உயிரையே வெறுக்கும் நிலையில் இருப்போர் எவரேனும் இதனைப் படித்தால், தனித்திராமல் நம்பகமான ஒருவரிடம் உடனே உள்ளதைச் சொல்லுதல் நலம் என்பதையும் இங்குக் கூற விரும்புகின்றோம்.

வழிபாட்டு முறைகளும் இப்போதனையை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன. இலத்தீன் மரபினரின் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகின்றது; மலையாளத்தில் அதனை விபூதி புதன் என்பர். சீரோ மலபார் மரபினர் அதற்கு முந்திய திங்கட்கிழமையே விபூதித் திங்கள் எனக் கொண்டாடித் தங்கள் ஐம்பது நோன்பைத் தொடங்குகின்றனர். நீறும் விபூதியும் தமிழருக்கும் மலையாளிக்கும் புதியன அல்ல. நிலையாமையைக் கூறும் அச்சொற்களைச் சபையார் இந்நாட்டு வழக்கிலிருந்தே எடுத்துக்கொண்டனர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் தவக்காலத்திற்கு முன்னரே மூன்று நோன்பு ஒன்றும் நோற்கின்றனர். யோனாவின் சொற்கேட்டு நினிவே நகரத்தார் மனந்திரும்பியதை நினைந்து நோற்கப்படுவது அது. கோட்டயம் மாவட்டத்துக் குறவிலங்காட்டுத் தேவாலயத்தில் அந்நாளில் மரக்கப்பல் ஒன்றைத் தோளில் தூக்கி, கடற்கொந்தளிப்பில் ஆடுவது போல ஆட்டி ஆட்டி ஊர்வலம் வருவர். அந்த யோனாவின் கதையில் மனந்திரும்பக் கடினப்பட்டவர் நினிவே மக்கள் அல்லர். அவர்களைக் கடவுள் மன்னித்தமைக்குச் சினந்த தீர்க்கதரிசியே. இளைய குமாரன் கதையில் விருந்துக்கு வர மறுத்து வெளியில் நின்ற மூத்த குமாரனும் அவ்வகையினனே. தந்தை அவனிடமும் வெளியே வந்து வருந்தியழைத்தார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை கூறவில்லை. நல்லவர் என்று பெயர் பெற்றோரும் திரும்ப வேண்டிய வழி ஒன்று உண்டு என்பதே அதன் குறிப்பு.

திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1678-இல் வெளியான ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி, 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை அளித்தார். மனந்திரும்பியவன் வாழ்வை யாத்திரையாகப் பாடியது அந்நூல். முதுகில் சுமையோடு புறப்பட்டவன், சிலுவையடியில் சுமை கழன்ற பின்னும் நடக்க வேண்டிய வழி நெடிதாயிருக்கக் காண்கின்றான். மன்னிப்புப் பெறுதல் பயணத்தின் முடிவன்று என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இப்போதனை தனியே உணர்த்துவதும் ஒன்று உண்டு. வீட்டை விட்டுப் புறப்படுங்கால், மாதந்தோறும் பணம் அனுப்புவோம், அடிக்கடி பேசுவோம் என்று வாக்களிக்கின்றோம். சிலர் சில திங்களில் தவறுகின்றனர். குடியோ கடனோ வேறு தொடர்போ காரணமாகலாம். பணம் நிற்கின்றது, பின் பேச்சும் நிற்கின்றது. நாள் செல்லச் செல்ல வெட்கம் மிகுகின்றது. வெட்கம் மிக மிகத் திரும்புதல் அரிதாகின்றது. இத்தகையோருக்குக் கதவு சார்த்தப்படவில்லை என்று சுவிசேஷம் கூறுகின்றது. கடவுளிடம் திரும்புதல் என்பது அதே வேளையில் தாம் நோகச் செய்தவரிடம் திரும்புதலும் ஆகும். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தை இந்நாளில் 'ஒப்புரவு' அருட்சாதனம் என்கின்றனர். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரில் இடம்பெற்று, ஊருக்குப் பயன்பட வாழ்தலை உணர்த்தும் சொல் அது. கடவுளோடு ஒப்புரவாகியும் மனிதரோடு ஒப்புரவாகாமல் இருத்தல் இயலாது.

இங்கு ஒரு வரையறையும் கூறுதல் கடமை. மன்னிப்பைக் கொடுத்த கடனைப்போல் வற்புறுத்தி வாங்குதல் கூடாது. கைவிடப்பட்ட மனைவிக்கும், காத்திருந்து தளர்ந்த பெற்றோருக்கும், நம்புவதற்குக் காலம் வேண்டும். திரும்பி வந்தவன் அக்காலத்தைப் பொறுமையோடு அளித்தல் வேண்டும். அடிபட்டவரை நோக்கி, 'கிறிஸ்தவ அன்புடையாயின் மறந்துவிடு' என்று கூறுவதும் போதனையைத் திரிப்பதாகும். இழப்பைத் தாங்குமாறு கட்டளையிடும் உரிமை இழைத்தவனுக்கு இல்லை. ஓசியா வெள்ளிக்காசைத் தாமே எண்ணிக் கொடுத்தார். எவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

மாறாத அன்பு ஒருபுறம், மனந்திரும்புதல் மறுபுறம் என நாம் இரண்டாகக் கூறினோம். உண்மையில் அவை ஒரே வழியின் இரு முனைகள். ஒரு முனையில் தந்தை நிற்கின்றார். மறுமுனையில் மகன் நிற்கின்றான். வழியின் பெரும்பகுதியைத் தந்தையே ஓடிக் கடந்துவிடுகின்றார் என்பதுதான் கிறிஸ்தவர் நற்செய்தி என்று அழைப்பது. மகன் செய்ய வேண்டுவது, நின்ற இடத்திலிருந்து முகத்தைத் திருப்பி, முதல் அடியை எடுத்து வைப்பது. அவ்வடி நெடுநாள் எழுதாத ஒரு கடிதமாக இருக்கலாம். நெடுநாள் பேசாத ஒருவருடன் பேசுவதாக இருக்கலாம். நெடுநாள் திருப்பித் தராத ஒரு தொகையாகவும் இருக்கலாம். இச்சமயத்தைச் சாராத அன்பர்க்கும் இது விளங்கும் எனக் கருதுகின்றோம். வழி தப்புதலும் வீடு திரும்புதலும் எல்லார்க்கும் பொதுவன்றோ?